பாய், கொஞ்சம் தள்ளிக்குங்க

நாலு நாளாக என் நண்பர் ஒருவர் என்னோடு பேசுவதில்லை. காரணம் ஒரு போட்டோ.

மதுரையில் காலை நடை போகிற பென்ஷன் ஆசாமிகள் நாங்கள் ஆறு பேர். நடை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்ததும் அவரவர் போனில் எடுத்த படத்தைக் காட்டுவது எங்கள் வழக்கம். அன்று நண்பர் காட்டியது பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கிற கோட்டையின் மிச்சம். உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மேலவாசல். படத்தில் கறுத்த கல், மேலே நீல வானம், கீழே துடைத்து வைத்த மாதிரி தரை. ஈ காக்கா இல்லை. கரண்டுக் கம்பி இல்லை, போஸ்டர் இல்லை, ஆட்டோ இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு மனுஷர் இல்லை.

"எப்படிண்ணே, அந்த இடத்துல ஆளே இல்லாம எடுத்தீங்க? விடிகாலை மூணு மணிக்குக் கூட கூட்டமா இருக்குமே" என்று ஒருவர் கேட்டார்.

"எடுக்கும்போது எல்லாரும் இருந்தாங்க. வீட்டுக்கு வந்து போன்லயே அழிச்சிட்டேன். விரலால தேச்சாப் போயிருது" என்றார் நண்பர், பெருமையாக.

ஆளாளுக்கு ஆகா ஓகோ என்றார்கள். ஒருவர், "வெளிநாட்டுப் படம் மாதிரி இருக்குண்ணே" என்றார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான், "அண்ணே, இது பொய்ப் படம்" என்றேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பில்லும் வவுச்சரும் பார்த்து ரிட்டயர் ஆன ஆளுக்குக் கலையைப் பத்தி என்ன தெரியும்?" என்று எழுந்து போய்விட்டார். நான் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன்தான், மறுக்கவில்லை. ஆனால் வவுச்சரில் ஒரு வரியை விரலால் தேய்த்து அழித்தால் அதற்கு என்ன பெயர் என்று எங்கள் பிரிவில் நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். டீக்கடையில் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கல்லைப் பற்றி. மதுரைக்குக் கோட்டை இருந்தது, சுற்றி அகழி இருந்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் ஊர் விரிவடைய வேண்டும் என்று கோட்டையை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள். சமப்படுத்திய இடத்தில் புது வீதிகள் வந்தன. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று நாம் தினமும் சொல்கிற பெயர்கள் அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர்கள். வேலையைச் செய்ய வைத்த கலெக்டருக்கு நினைவாக ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். அதுதான் விளக்குத்தூண். இன்று அங்கே ஜவுளிக்கும் ஜிகர்தண்டாவுக்கும் போகிறவர்களில் எத்தனை பேர் நின்று அந்தத் தூணைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

போட்டோ என்கிற வித்தை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல். மதுரையில் கடப்பாரை இறங்கியபோது அது இன்னும் தொட்டில் பிள்ளை. ஆகவே கோட்டை போனதற்குப் படம் இல்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மிஞ்சிய இந்தத் துண்டின் இன்றைய நிலைமை என்ன? ஒரு பஸ் நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவில், கம்பிகளுக்குக் கீழே, கட்டைப் பையை இறக்கி வைத்துக் களைப்பாறுகிற சனங்களுக்கு முதுகு கொடுத்துக்கொண்டு நிற்பதுதான் அதன் வரலாறு. பஸ் நிலையத்தை அழித்துவிட்டால் மிச்சம் இருப்பது கொஞ்சம் கல். அதை எந்த ஊர்க் கல் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரரை அழைத்து வர வேண்டியிருக்கிறது. கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்று ஒருவர். சென்னை ராஜதானி அரசாங்கம் தனக்கென்று போட்டோ எடுக்க வைத்துக்கொண்ட ராணுவ அதிகாரி. 1858-ல் மதுரைக்கு வந்து படங்கள் எடுத்தார். மீனாட்சி கோயில், புதுமண்டபம், திருமலை நாயக்கர் மகால், யானைமலை, ஏன், நம் விளக்குத்தூணைக் கூட எடுத்திருக்கிறார். அந்தப் படங்களை இன்று பார்த்தால் மூச்சு நின்றுவிடும். தூணில் உள்ள ஒவ்வொரு செதுக்கலும் எண்ணிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் பெரும்பாலும் ஆள் கிடையாது. கோயில் ஊரில், திருவிழா ஊரில், தூங்கா நகரத்தில் ஆள் கிடையாது! அந்தக் காலத்து முறை அப்படி. மெழுகு தடவிய பெரிய காகிதத்தில் நெகட்டிவ் எடுக்க வேண்டும். லென்ஸ் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். குறுக்கே நடந்து போனவன் படத்தில் விழவே மாட்டான். நின்று அசைந்தவன் புகையாகத் தெரிவான். கல் மட்டும்தான் அசையாமல் நின்று ஒத்துழைத்தது. டிரைப் மனுஷரை வேண்டாம் என்று ஒதுக்கினாரோ என்னவோ, ஒதுக்காமல் இருந்தாலும் அவரால் முடிந்திருக்காது.

(இன்னொரு விஷயம். சென்னைக்கு கவர்னராக வந்த ட்ரெவெல்யன், இதெல்லாம் அரசாங்கத்துக்கு ஆடம்பரச் செலவு என்று அந்தப் போட்டோ வேலையையே மூடிவிட்டார். "இடிஞ்ச சுவரைப் படம் எடுத்து என்ன ஆகப்போகுது?" என்று என் வீட்டில் கேட்கிறார்களே, அதற்குப் பெரிய பரம்பரை இருக்கிறது.)

டிரைப்புக்கு ஒரு காரணம் இருந்தது. கையில் இருக்கிற போனில் ஓடுகிற பஸ்ஸையும் நிறுத்திப் படமாக்க முடிகிற நமக்கு என்ன காரணம்? அவரால் முடியாமல் போனதை, முடிகிற நாம் வேண்டுமென்றே செய்து, அதற்குக் கலை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இப்போது நான் ஏதோ சுத்தமான ஆள் மாதிரிப் பேசுகிறேன் என்று நண்பர் படித்தால் நினைப்பார். அதனால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். விரலால் தேய்க்கிற வசதி வருவதற்கு 30 வருஷத்துக்கு முன்பே அதே வேலையை நான் வாயால் செய்தவன்.

எண்பதுகளில் செகண்ட் ஹாண்டில் ஒரு யாஷிகா வாங்கினேன். ஒரு ரோலுக்கு 36 படம். சம்பளத்தில் ரோலும் கழுவும் கூலியும் போக வேண்டும், வீட்டில் கணக்கும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படத்தையும் காசு எண்ணிக் கொடுக்கிற மாதிரிதான் எடுப்போம். அப்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே பாடம்தான் சொன்னார்கள்: சிலையை எடுத்தால் சிலை மட்டும் இருக்கணும். பின்னால் குப்பை வரக்கூடாது. குப்பை என்றால் என்ன என்று நான் கேட்டதில்லை. வாளி, துணி, டியூப் லைட், காலண்டர், மனுஷர், எல்லாம் அதில் அடக்கம்.

நான் அதிகம் எடுத்தது புதுமண்டபத்தில். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. உள்ளே நாயக்க ராஜாக்கள் கைகூப்பி நிற்கிறார்கள், மீனாட்சி கல்யாணம் இருக்கிறது, ஏகபாத மூர்த்தி இருக்கிறார், யாளிகள் இருக்கின்றன. நம் வயதுக்காரர்களுக்குப் புதுமண்டபம் என்றால் முதலில் ஞாபகம் வருவது இதெல்லாம் இல்லை. பாத்திரக் கடை, வளையல் கடை, குங்குமக் கடை, பழைய புத்தகக் கடை, அப்புறம் தையல் மிஷின்கள். தூணுக்குத் தூண் ஒரு மிஷின். காலையில் துணியைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போய்ச் சாமி கும்பிட்டு வந்தால் பாவாடை சட்டை தைத்து ரெடியாக இருக்கும். என் மகளுக்கு ஐந்தாவது படிக்கிற வரை அங்கேதான் தைத்தது.

தைத்தவர் ஒரு பாய். சித்திரை மாதம் வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும்போது வேடம் போட்டுத் தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர்களுக்குச் சல்லடமும் தலைக்கு உருமாலும் அங்கே உள்ள பாய்மார்கள்தான் தைப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் துணி மலை மாதிரிக் குவிந்து கிடக்கும், நடுவில் அவர் தலை மட்டும் தெரியும். ஜரிகையை எப்படி வைத்து ஓட்டுகிறார் என்று நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நின்று பார்த்திருக்கிறேன். படம்தான் எடுக்கவில்லை.

அவர் மிஷினுக்குப் பின்னால் ஒரு நல்ல சிற்பம். காலை ஒன்பதரை மணி வாக்கில் பக்கவாட்டில் கொஞ்ச நேரம் வெளிச்சம் விழும். உள்ளே இருட்டு என்பதால் ஸ்டாண்டு போட்டு இரண்டு மூன்று செகண்ட் திறந்து வைக்க வேண்டும். ஆள் அசைந்தால் கலங்கிப் போகும், 36-ல் ஒன்று வீண். அதனால் நான் போகும்போதெல்லாம் ஒரே வாசகம்தான். "பாய், கொஞ்சம் தள்ளிக்குங்க." அவரும் முகம் கோணாமல் எழுந்திருப்பார். மிஷினைத் தர தரவென்று இழுத்து ஓரமாக வைப்பார். துணியை அள்ளி அக்குளில் இடுக்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் நிற்பார். "ஆச்சா சார்?" என்று குரல் மட்டும் வரும். அந்த நேரத்துக்கு அவருக்கு எத்தனை தையல் கூலி போயிற்று என்று கணக்குப் பிரிவு ஆசாமியான நான் ஒரு நாளும் கணக்குப் பார்க்கவில்லை.

1987-ல் அந்தப் படத்துக்கு ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு. எவர்சில்வர் டிபன் கேரியர். இன்னும் வீட்டில் இருக்கிறது, நன்றாக உழைத்திருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் புதுமண்டபத்துக் கடைகளை எல்லாம் காலி செய்து பக்கத்தில் புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். பாய் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மகன்தான் மிஷினை எடுத்துக்கொண்டு போனார். போன வருஷம் ஒரு நாள் அவர் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "சார், அத்தா மிஷின்ல உக்காந்து தைக்கிற மாதிரி ஒரு படம் உங்ககிட்ட இருக்கும்ல? நீங்கதான் அங்க எப்பவும் எடுத்துக்கிட்டே இருப்பீங்க. என் மவன் கேக்குறான், தாத்தா எந்தத் தூணுகிட்ட இருந்தாருன்னு. வீட்ல இருக்கிறது பாஸ்போர்ட் சைஸ்ல ஒண்ணுதான்."

இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அவ்வளவு நம்பிக்கை. பரணில் இருந்து இரண்டு செருப்பு டப்பா நெகட்டிவ்களை இறக்கி, மூன்று ராத்திரி டியூப் லைட்டில் பிடித்துப் பார்த்தேன். புதுமண்டபம் மட்டும் பதினோரு ரோல். ராஜாக்கள் இருக்கிறார்கள், யாளி இருக்கிறது, குதிரை இருக்கிறது, யாளியின் பல் தனியாக இருக்கிறது. முந்நூற்றுச் சொச்சம் படத்தில் ஒன்றில் மட்டும், இடது கீழ் மூலையில், ஒரு மிஷின் சக்கரத்தில் பாதியும் அதைப் பிடித்த ஒரு கையும். மணிக்கட்டில் வாட்ச். பிரிண்ட் போட்டபோது அந்த மூலையைக் கவனமாக வெட்டிவிட்டிருக்கிறேன். கோடு போட்டு வைத்த காகிதம் கூடவே இருந்தது.

அந்த மூலையை மட்டும் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு வழி தெரியவில்லை. அவர் வெகுநேரம் பார்த்தார். "வாட்ச் அத்தாவோடதுதான்" என்றார். குறை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சரி, நண்பர் சார்பில் சொல்லக்கூடியவற்றை நானே சொல்கிறேன்.

கடைகள் அங்கே இருந்தது தப்பு, கல்லில் ஆணி அடித்தார்கள், சிலையில் ஒயரைக் கட்டினார்கள், அந்த அலங்கோலத்தைப் படம் எடுக்கச் சொல்கிறாயா என்பார். ஆணி அடித்ததை நானும் பார்த்திருக்கிறேன். 2018 பிப்ரவரி 2-ம் தேதி ராத்திரி மீனாட்சி கோயிலில் தீப்பிடித்து வீரவசந்தராயர் மண்டபம் என்ன கதி ஆயிற்று என்று தெரிந்தவன் எவனும் மண்டபத்துக்குள் கடை வேண்டும் என்று பேசமாட்டான். புதுமண்டபம் காலியானது நல்லதுதான். நான் கேட்பது வேறு. நம் கண் முன்னால் பல தலைமுறை பிழைத்த ஒரு பிழைப்பு அங்கிருந்து கிளம்பியிருக்கிறது. ஆணி அடித்த கல்லும் சேர்த்துத்தான் சாட்சி. அலங்கோலம் என்று நீங்கள் சொல்வதை நிரூபிக்கவாவது ஒரு படம் வேண்டாமா? நாளைக்கு ஒரு பையன், இங்கே தையல்காரர்கள் இருந்தார்களாமே, உண்மையா என்று கேட்டால் என் டிபன் கேரியரைக் காட்டவா?

தினமும் பார்க்கிறதுதானே, இதில் என்ன இருக்கிறது என்பது இன்னொரு வாதம். தினமும் பார்க்கிறதுதான் முதலில் போகிறது. சிலைக்கு வேலி போடுகிறார்கள், பலகை வைக்கிறார்கள், காவலுக்கு ஆள் போடுகிறார்கள். டீ பாய்லருக்கு யார் வேலி போடுவார்கள்? தங்கம் தியேட்டர் எவ்வளவு பெரிது என்று நாமெல்லாம் வெளியூர்க்காரர்களிடம் பீற்றிக்கொண்டோம். இன்று அது இல்லை. முகப்பைப் படம் எடுத்தவர்கள் இருப்பார்கள். உள்ளே சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தவரை, கவுண்டர் சந்தில் வேர்த்து விறுவிறுத்து நின்ற வரிசையை உங்களில் யார் எடுத்தீர்கள்? பழைய பெரியார் பஸ் நிலையத்தை இடித்துக் கட்டினார்களே, மேடையில் கொய்யாப்பழம் விற்றவர்களோடு சேர்த்து யாரிடமாவது படம் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து பார்க்கிறேன்.

ஊருக்கு வெளியேயும் இதே கதைதான். மேலூர்ப் பக்கம் கீழவளவுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன், குன்றில் உள்ள சமணச் சிற்பங்களை எடுக்க. சிற்பம் இருக்கிறது, பிராமி எழுத்து இருக்கிறது என்று கிட்டப் போய்க் கிட்டப் போய் எடுத்தேன். அந்த வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்த கதை பின்னால் பெரிதாக வெடித்தது, 2014-ல் உயர் நீதிமன்றம் சகாயத்தை விசாரிக்கப் போட்டது, எல்லாம் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அப்போது என் ஆல்பத்தைப் புரட்டினேன். குன்றுகள் வரிசையாக நிற்கிற மாதிரி, கீழே கண்மாய், ஆடு மேய்கிற மாதிரி தூரத்தில் இருந்து எடுத்த ஒரு படம் இல்லை. அதெல்லாம் அப்போது எனக்குப் "பின்னணி". மலை எங்கே போய்விடப்போகிறது என்று நினைத்திருக்கிறேன்! டிரைப் யானைமலையை தூர நின்று முழுசாக எடுத்தார் பாருங்கள், அந்தப் புத்தி எனக்கு இல்லை. அதே யானைமலையைச் சிற்ப நகரம் ஆக்கப்போகிறோம் என்று 2010 வாக்கில் ஒரு பேச்சு வந்து, ஊர்க்காரர்கள் திரண்டு எதிர்த்து நிறுத்தினார்கள். நின்றதால் இன்றும் யானை படுத்திருக்கிறது. போய் எடுங்கள். கீழே நரசிங்கத்தில் நெல் காயப் போட்டிருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.

மனுஷரைக் கேட்காமல் எடுப்பது தப்பு என்பார் நண்பர். இது நியாயமான வாதம், இதில் அவர் பக்கம்தான் நான். கேட்டுத்தான் எடுக்க வேண்டும், வேண்டாம் என்றால் போனைப் பையில் போட்டுவிட வேண்டும். பெண்பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இன்னும் ஜாக்கிரதை. ஆனால் ஒன்று, கேட்பதற்கு நாம் வெட்கப்படுகிறோம். பத்துத்தூண் சந்தில் ஒரு பழைய வீட்டுத் திண்ணையை எடுக்க நின்றபோது உள்ளே இருந்து ஒரு அம்மா ஓடி வந்து, "என்ன சார், அளக்க வந்திருக்கீங்களா? இடிக்கப் போறாங்களா?" என்று கேட்டார். பழைய சுவரை ஒருவன் உற்றுப் பார்த்தால் இடிக்கத்தான் பார்க்கிறான் என்று ஆகிவிட்டது ஊர். இல்லம்மா, நல்லா இருக்கு, அதான் எடுக்கிறேன் என்றேன். அரை மணி நேரம் அந்த வீட்டின் கதையைச் சொன்னார், காப்பியும் கொடுத்தார். திண்ணையில் அவரையும் உட்கார வைத்து எடுத்தேன். பாய் விஷயத்தில் நான் கேட்காமல் இல்லை. தள்ளிக்கொள்ளச் சொல்லி இருபது முறை கேட்டிருப்பேன். இருக்கச் சொல்லி ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.

கடைசியில் கலை. ஓவியர் ஒருவர் மேலவாசலை வரையும்போது பஸ்ஸை விட்டுவிட்டால் நான் சண்டைக்குப் போகமாட்டேன், அவர் கை, அவர் கற்பனை. நண்பரும் அந்தப் படத்துக்குக் கீழே "என் கற்பனை" என்று எழுதட்டும், நானே நாலு பேருக்கு அனுப்புகிறேன். "மேலவாசல் கோட்டை, மதுரை" என்று எழுதித் தேதியும் போட்டால் அது கணக்கு. கணக்கில் கை வைக்கக் கூடாது.

தேதி என்றதும் ஞாபகம் வருகிறது. நம் வாட்ஸப் குழுக்களில் "அரிய பழைய மதுரை" என்று படங்கள் சுற்றுகின்றனவே, பாதிக்கு மேல் எந்த ஊர் என்றே தெரியாது. வண்டியூர்த் தெப்பக்குளம் என்று ஒன்று வந்தது. நடுவில் மைய மண்டபமே இல்லை! கேட்டால் "அப்போ கட்டலை சார்" என்று பதில். திருமலை நாயக்கர் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு மண்டபம் கட்டினார் போலிருக்கிறது. பெயரும் தேதியும் எழுதாத படம் இப்படித்தான் அநாதையாகி, கண்டவன் கையில் சிக்கிக் கண்ட பெயரைச் சுமக்கும். வீட்டில் பழைய பிரிண்ட் இருந்தால் இன்றைக்கே எடுத்து, பின்பக்கம் மெல்லிய பென்சிலில் எழுதிவிடுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். எந்த இடம், எந்த வருஷம், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது, யார் நிற்கிறார்கள். வருஷம் சரியாகத் தெரியாவிட்டால் "பெரியவள் கல்யாணத்துக்கு முன்னால்" என்றாவது எழுதுங்கள். போனில் எடுக்கிற படத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நாம் போன பிறகு பிள்ளைகள் போனைத் திறந்து, ஒன்றும் புரியாமல் எல்லாவற்றையும் மொத்தமாக அழிப்பார்கள். நோட்டு இருந்தால் ஒரு நிமிஷம் தயங்குவார்கள்.

நேற்று குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். பாய் மகன் கடையில் சித்திரைக்கான வேலை ஆரம்பித்துவிட்டது. அதே சிவப்பு, அதே மஞ்சள். மேலே டியூப் லைட், அதற்குப் போகிற ஒயர் சுவரில் கொடி மாதிரித் தொங்குகிறது. பக்கத்தில் பாதி குடித்த டீ கிளாஸ், சுவரில் ஜவுளிக்கடைக் காலண்டர். "தம்பி, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றேன். உடனே எழுந்து மிஷினை இழுக்கப் போனார். சின்ன வயதில் அத்தா செய்ததைப் பார்த்திருப்பார் போலும். "அய்யய்ய, இருக்கட்டும், நீங்க பாட்டுக்குத் தைங்க" என்றேன். டீ கிளாஸையாவது எடுத்துவிடுகிறேன் என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். தலையை மட்டும் சீவிக்கொண்டார். அதற்கு நான் தடை சொல்லவில்லை.

ஏழெட்டு எடுத்தேன். ஒன்றில் கை, துணி, சக்கரம், முகம் எல்லாம் சரியாக வந்திருக்கிறது. சாயங்காலமே பிரிண்ட் போட்டு, பின்னால் இடம், தேதி, என்ன தைக்கிறார், யாருடைய மகன், மிஷின் முன்பு புதுமண்டபத்தில் எந்தத் தூணருகே இருந்தது என்று எழுதி ஒரு பிரதி அவருக்கும் ஒரு பிரதி எனக்கும் வைத்தேன்.

இன்று காலை டீக்கடையில் அந்தப் படத்தை மேஜை மேல் வைத்தேன், யாரிடமும் காட்டுகிற மாதிரி இல்லாமல். நண்பர் ஓரக்கண்ணால் பார்த்தார். கையில் எடுத்தார். திருப்பிப் பின்னால் எழுதியிருந்ததையும் முழுசாகப் படித்தார். நாலு நாளுக்கு அப்புறம் என்னிடம் வாயைத் திறந்தார்.

"எல்லாம் சரி. அந்த ஒயரை மட்டும் எடுத்திருக்கலாம்."